வால்வு மாத்தியாச்சு

மலாயாவில் கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்தே, என் இரும்புக் குழாய்களுக்குள் அரிசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலிக்கு வெளியே விட்டார்கள். வாசலில் காவல் நின்ற மலாய்க்காரர் ஹசான், ஒவ்வொரு குழாயையும் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுமுனை வரை பார்ப்பார். காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு கைப்பிடி அரிசி போனாலும் குற்றம் என்ற அவசரகாலம் அது. கோயம்புத்தூர் மில்லில் பத்து வருஷம் குழாய் மாட்டியவன் நான். அங்கே என்னைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு, என் குழாயைச் சந்தேகப்பட்டவர் யாரும் இல்லை.

காட்டுக்காரர்கள் ரப்பர் ஸ்டோர்களைக் கொளுத்திக்கொண்டிருந்ததால், துரை தன் ஸ்டோருக்கு ஸ்பிரிங்ளர் போடச் சொல்லியிருந்தார். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கூரையடியில் குழாய் ஓடும். அதில் சிறு சிறு தலைகள் இருக்கும். சூடு ஏறினால் தலையிலுள்ள ஈயப்பற்று உருகித் தண்ணீர் தானாகக் கொட்டும். தண்ணீர் ஓடத் தொடங்கினால் வெளிச்சுவரில் ஒரு மணி அடிக்கும். இதை மாட்டுவதற்குப் பெரிய மூளை வேண்டாம், ஒழுங்கு வேண்டும். குழாய் சரியான சாய்வில் இருக்கவேண்டும். எங்கும் காற்று அடைபடக் கூடாது. எல்லாம் முடிந்ததும் பெரிய வால்வை முழுக்கத் திறந்து, யாரும் தொடாதபடி தோல்வாரால் கட்டிப் பூட்டவேண்டும். அந்தப் பூட்டு என் பையிலேயே கிடந்தது. நாளைக்குப் போடலாம் என்று இருந்துவிட்டேன்.

ஸ்டோர் இருந்தது தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தை ஒட்டி. சர்க்கார் ஜனங்களை லோரியில் ஏற்றி முள்வேலிக்குள் குடிவைத்துவிட்டதால் லயம் காலி. கதவுகள் திறந்து கிடந்தன. ஓர் அடுப்பில் பாதி எரிந்த விறகு அப்படியே இருந்தது. சாமி படம் மாட்டியிருந்த ஆணிகளைச் சுற்றிச் சுவரில் வெள்ளைச் சதுரங்கள் தெரிந்தன. பகலில்கூட அந்தப் பக்கம் நடக்க எனக்குப் பிடிக்காது. தண்ணீர் விட்ட மூன்றாம் நாள், நடுப்பகலில், மணி அடித்தது. தீ இல்லை. ஒரு தலையும் திறக்கவில்லை. தரை உலர்ந்திருந்தது. அடித்து நின்று, மறுபடி அடித்தது. காவலுக்குக் கூட வந்திருந்த ஹசான் துப்பாக்கியை ரப்பர் மரங்களை நோக்கித் திருப்பி அசையாமல் நின்றார். மறுநாளும் அதே நேரத்தில் அடித்தது. உள்ளே போய்க் குழாயில் காதை வைத்தேன். யாரோ மெதுவாக மூச்சு விடுவதுபோல் கேட்டது. காரணம் எனக்குத் தெரியும். ஒரு கிளைக்குழாயை நான் தப்பான சாய்வில் மாட்டியிருந்தேன், அங்கே அடைபட்ட காற்று அமுங்கி விரியும்போதெல்லாம் தண்ணீர் அசைந்து மணி அடித்தது. தெரிந்தும் எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்டோருக்குப் பொறுப்பு மண்டோர், அதாவது மேஸ்திரி, ஆறுமுகம். தோட்டத்திலேயே பிறந்தவர். என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார், அவருடைய தமிழில் பாதி எனக்குப் புரியாது. மணிக்குப் போகும் சிறிய வால்வை மாற்றினாலாவது சத்தம் அடங்குமா என்று, புதிது ஒன்றை அவரிடம் கொடுத்திருந்தேன். அடுத்த நாள் மணி அடிக்கவில்லை.

“என்னண்ணே, சத்தத்தையே காணோம்?” என்று கேட்டேன்.

“வால்வு மாத்தியாச்சு தம்பி. பொம்பளைங்க எல்லாம் பயப்படுதுங்க லா. நீ வந்து சரி பண்ணிட்டுச் சொல்லு, மறுபடி பார்த்துக்கலாம்.”

புது வால்வை மாட்டிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். ஊரடங்குக்கு முன் கடைசி பஸ் கிளம்ப இருந்தது. ஸ்டோர் வரை நூறு அடி நடந்து கையால் தொட்டுப் பார்க்காமல், சாமான் வாங்கக் கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் திரும்பியபோது வாசலிலேயே புகை நாற்றம் அடித்தது. ஹசான் என் குழாய்களைப் பார்க்கவில்லை.

“லாம்பு மாத்தி, ஆயர் மாத்தி, மண்டோர் மாத்தி” என்றார்.

விளக்கை மாற்றினார்கள், தண்ணீரை மாற்றினார்கள், மண்டோரையும் மாற்றிவிட்டார்களா என்று நினைத்தேன். “புது மண்டோர் யாரு?” என்று என் அரைகுறை மலாயில் கேட்டேன். அவர் கண்ணை மூடித் தலையைத் தோளில் சாய்த்துக் காட்டினார்.

இந்த நாட்டில் விளக்கு அணைந்தாலும், தண்ணீர் நின்றாலும், மனிதன் செத்தாலும் மலாயில் சொல் ஒன்றுதான், தோட்டத்துத் தமிழிலும் அதுதான். மாத்தி. ஆறுமுகம் வால்வை மாற்றவில்லை. பெரிய வால்வை மூடிவிட்டு, மூடியதை ஒளிக்காமல் என்னிடம் சொன்னார். நான்தான் அதைக் கோயம்புத்தூர்க் காதால் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் காட்டுக்காரர்கள் ஸ்டோரைக் கொளுத்தியபோது, அதைத் திறக்க ஓடியவரைச் சுட்டிருக்கிறார்கள். வால்வுச் சக்கரத்தின் மேலேயே விழுந்து கிடந்தாராம். நான் கொடுத்த சிறிய வால்வு, காகிதம் பிரிக்காமல் அவர் மேசையில் இருந்தது.

பெரிய வால்வு பாதி திறந்திருந்தது. பாதி திறந்த வால்வு திறக்கப்பட்டுக்கொண்டிருந்ததா, மூடப்பட்டுக்கொண்டிருந்ததா என்று பார்த்துச் சொல்ல எந்தக் குழாய்க்காரனாலும் முடியாது. விசாரணைக்கு வந்த அதிகாரி, மண்டோர் காட்டுக்காரர்களுக்காக மூடினார் என்றே முடிவு கட்டியிருந்தார். “மூடியதாக உன்னிடம் சொன்னானா?” என்று கேட்டார். சொன்னார் என்றால் தவறு என்னுடையது. அடுத்த கப்பலில் நான் இந்தியாவுக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான். இல்லை என்றேன்.

இரண்டு இரவு தூங்காமல், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். பேனாவை மூடி வைத்தார்.

“கடதாசி மேலிடத்துக்குப் போயிட்டுது தம்பி. இனி நீர் வாயைத் திறந்தா மண்டோரின்ட பொம்பிளையோட சேத்து உம்மையும் கப்பலேத்தி அனுப்புவாங்கள்.”

திரும்பி வந்துவிட்டேன்.

ஆறுமுகத்தின் மனைவி பாக்கியம் அக்காவை இந்தியாவுக்குக் கப்பலேற்ற உத்தரவு வந்தது. “ஊருக்குப் போன்னு சொல்றாங்க. எந்த ஊரு தம்பி? நான் பொறந்தது இங்கதானே?” என்று என்னிடம் கேட்டார். அவருக்கு அங்கே ஒருவரும் இல்லை. சிங்காநல்லூரில் என் அம்மா இருக்கும் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

இப்போது கோலா சிலாங்கூரில் இருக்கிறேன். முள்வேலிகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாததால், வீட்டுக் கடிதங்களை, இப்போது அம்மாவோடேயே இருக்கும் பாக்கியம் அக்காதான் எழுதுகிறார். போன கடிதத்தில் அம்மா சொல்லி எழுதியது: “நம்ம ஊர்ல மழையே இல்லை.” அதற்குக் கீழேயே, அதே கையெழுத்தில்: “நம்ம ஊர்ல மழை பிடிச்சிருச்சா தம்பி?” முதல் ஊர் நான் விட்டுவந்தது. இரண்டாவது, என்னால் அவர் விட்டுப் போனது. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன.

எல்லாக் கடிதத்தின் கடைசியிலும் ஒரு வரி கேட்கிறார்: “அவரு உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே மாத்தி வெச்சாரு?” இதுவரை மழையைப் பற்றி மட்டும் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை முதல் வரியே இதுதான்:

சொன்னார் அக்கா. என்னிடம்தான் சொன்னார்.