‘ரெஸ்த்’ என்று எழுதிய பெட்டிகள்

எங்கள் ஊர் வானொலி நிலையத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினோரு வருஷம் அங்கே தற்காலிக அறிவிப்பாளராக மைக் முன்னால் உட்கார்ந்தவள் நான். அதன் பெருமையும் தெரியும், அற்பத்தனமும் தெரியும்.

ஒரு காலத்தில் காலையும் மாலையும் உள்ளூர்க்காரர்களின் பாட்டுதான். அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் ஆற்றுப் பாலம் தாண்டி வந்து, பாடிவிட்டு வேலைக்குப் போனவர்கள் உண்டு. என் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் அங்கே நான்கு மெல்லிசைப் பாடல்கள் பாடியிருக்கிறாள். பிறகு ஒவ்வொரு மணி நேரமாகப் பிடுங்கி, சென்னை நிகழ்ச்சியை அப்படியே வாங்கி அஞ்சல் செய்ய ஆரம்பித்தார்கள். இப்போது நிலையம் எங்கள் ஊரில் இருக்கிறது, பாட்டு எங்கேயிருந்தோ வருகிறது.

போன வருஷம் அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூலக்குளத்து வீட்டில் இப்போது ஒரு கோடு போட்ட நோட்டுதான் அவளுக்கு வாய். ஒருநாள் அதில் எழுதினாள்: "ரேடியோல நான் பாடுனது இருக்குமா? ஒருவாட்டி கேக்கணும்." என் செல்போனில் அவள் என்னைத் திட்டுவது இருக்கிறது, பாடுவது இல்லை.

கட்டாயம் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். காரணம் இருந்தது. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்; அந்தக் காலத்தில் நிலையத்து ஒலிநாடா அறையைப் பார்த்துக்கொண்டவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த மனுஷர். பேசுவது தமிழ், கை மட்டும் பிரெஞ்சில் எழுதும். எந்த நாடாவை அழிக்கக் கூடாது என்று நினைக்கிறாரோ, அந்தப் பெட்டியில் சிவப்பு மையால் ‘ரெஸ்த்’ என்று எழுதுவார். இங்கேயே இருக்கட்டும் என்று அர்த்தம். பார்வைக்கு, ஆங்கில ‘ரெஸ்ட்’டின் கடைசியில் ஒரு ‘ஈ’ எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அம்மாவின் பெட்டியில் அதை நானே பார்த்திருக்கிறேன்.

நிலையத்துக்குப் போனேன். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த புதுப் பொறுப்பாளர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு ஒரு லிஸ்ட் வந்துச்சும்மா. லிஸ்ட்ல இருக்கறதை ஏத்திட்டு, மீதி ரெஸ்ட்டையெல்லாம் கழிச்சிடணும்னு ஆர்டர். பழைய ஆளு எங்க வேலையைச் சுலபமாக்கி வச்சிருந்தாரு. பெட்டியிலயே ரெஸ்ட்னு எழுதியிருந்தாரு. ஸ்பெல்லிங்தான் கொஞ்சம் தப்பு."

"அந்தப் பெட்டியெல்லாம் எங்க சார்?"

"காயலான் கடைக்குப் போயி ஆறு மாசம் ஆச்சேம்மா."

ஸ்பெல்லிங் தப்பாம்! எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு மனுஷர் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்தாரோ, சரியாக அதையே பொறுக்கியெடுத்துக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் இருக்கிற ஊர் இது. நிலையத்து வாசல் காவலாளியின் மாமனாரே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருந்தால் போதும். கேட்க மாட்டார்கள். எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற திமிர்.

மேசையைத் தட்டி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, பதினோரு வருஷம் மைக் முன்னால் பழக்கி வைத்திருந்த அந்தக் குழைந்த குரல்தான். "பரவாயில்லைங்க சார், நன்றி." அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆத்திரம் தலைக்கேறி, அந்த ஆளையும் அவருடைய லிஸ்டையும் தெருவே கேட்கிற மாதிரி திட்டித் தீர்த்தேன். அவள் நோட்டை எடுத்தாள்.

"அங்க கத்துனியா?"

"இல்லம்மா. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதி, நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"கொரலு எனக்குதான் போச்சு. ஒனக்கு என்னா?"