பெரியம்மாவுக்கு வந்த பிரஷர்

என் அம்மா வெள்ளைத்தாய் மகாராஜபுரத்திலிருந்து சேத்தூருக்கு இரண்டாவது மருமகளாக வந்தவள். மூத்த மருமகள் இருளம்மாள், என் பெரியம்மா. பெரியம்மாவுக்குப் புதுச்சேலை வந்தால் அம்மா அதன் கரையை அளப்பாள். பெரியம்மாவின் பசு அதிகம் கறந்தால் எங்கள் பசு திட்டு வாங்கும்.

1989இல் பெரியம்மாவுக்குப் பிரஷர் வந்தது. ராஜபாளையத்து டாக்டர் நூற்றெழுபது என்று சொல்லி, மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொன்னார். வேலையையும் குறைக்கச் சொன்னதாகப் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்த்துக்கொண்டாள்.

அடுப்படி முழுவதும் அம்மாவிடம் வந்தது. வேலையைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பெரியப்பா வயலிலிருந்து வந்ததும் பெரியம்மாவிடம், “தல சுத்துதா?” என்று கேட்பார். அப்பாவும் கேட்பார். அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. “எனக்குச் சுத்துனா கேக்க நாதியில்ல” என்று அம்மிக் குழவியிடம் சொல்லுவாள்.

ஒருநாள் சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். பெரியம்மா கட்டிலில் இருந்தபடியே சிரித்தாள்.

“ஒனக்கெல்லாம் வராதுட்டி. ஒன் ஒடம்பு கருங்கல்லு.”

அந்தச் சொல்லுக்காகவே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். ராஜபாளையத்துக்குப் போனால் பெரியம்மாவைப் பார்த்துக் காப்பியடித்ததாகப் பேச்சு வரும். டாக்டர் வரத் தாமதமானது. மின்விசிறிக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்தவள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முறை வந்தபோது நான்தான் எழுப்பினேன்.

நூற்றிருபத்திரண்டு. “ஒண்ணுமில்லம்மா, நல்லாயிருக்கீங்க” என்றார் டாக்டர். பரீட்சையில் தோற்றவளைப் போல அம்மா வெளியே வந்தாள். “வீட்டுல மூச்சு விடாத” என்றாள்.

மாசியில், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சித்தப்பா வீரணன் பிரஷர் பார்க்கும் பெட்டியோடு லீவில் வந்தார். எல்லோரும் கூடத்தில் இருந்த நேரம் பார்த்து அம்மா, “தம்பி, அக்காவுக்குப் பாருங்களேன். அம்புட்டுப் பேரும் தெரிஞ்சிக்கிடட்டும்” என்றாள்.

பெரியம்மாவுக்கு நூற்றிருபத்தாறு. செத்த நேரம் விட்டு மறுபடியும் பார்த்தார். அதேதான்.

“பாத்தியளா! இதுக்குத்தான் நான் உப்புக் கொறச்சுத் தனியா கொழம்பு வச்சேனா?” என்றாள் அம்மா.

பெரியம்மாவின் முகம் கறுத்தது. “ஏட்டி, நான் நடிச்சேங்கியா?”

“நடிப்பில்ல மதினி” என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னார். “மாத்திரையும் எறக்கியிருக்கும். அதுபோக, சில பேருக்கு டாக்டரக் கண்டாலே ஏறிரும். என்ன சொல்லப்போறாரோன்னு பயம். வீட்டுக்கு வந்தா எறங்கிரும். பட்டாளத்துல எம்புட்டுப் பெரிய மீசையெல்லாம் நடுங்கும் தெரியுமா? ஒங்க கையையும் நீட்டுங்க.”

அம்மா ஜெயித்த மிதப்பில் நீட்டினாள். பாதரசம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. நூற்றெழுபத்தெட்டு. கோபத்தில் ஏறியிருக்கும் என்றார். மறுநாள் காலையில் பார்த்தார், மாலையில் பார்த்தார், அந்த வாரம் முழுக்கப் பார்த்தார். இறங்கவில்லை.

“வில்லிபுத்தூர்ல சரியாத்தான இருந்துச்சு?” என்று அம்மா உளறிவிட்டாள். அப்பா விசாரிக்க, நான் அந்தப் பெஞ்சையும் அவள் தூங்கியதையும் சொன்னேன்.

“அங்க ஒங்கள யாரும் வேல சொல்லிக் கூப்பிடல மதினி, நிம்மதியாத் தூங்குனீங்க” என்றார் சித்தப்பா. “இங்க இருக்கதுதான் ஒங்க பிரஷரு.”

இருவரையும் அவரே ராஜபாளையத்துக்குக் கூட்டிப் போனார். வீட்டில் பார்த்த அளவுகளைக் கேட்டுக்கொண்டு டாக்டர் அம்மாவுக்கு மாத்திரை எழுதினார், பெரியம்மாவுக்குக் குறைத்தார். அடுப்படிக்குப் பெரியம்மா திரும்பினாள்.

லீவு முடியும்வரை சித்தப்பா தினமும் பார்த்தார். அதற்கு முன் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வேண்டும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி வெள்ளத்தாயி, புளி எங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கூப்பிடாதீய மதினி, ஏறிரும்!” என்று சித்தப்பா கத்தினார்.

அப்பா பக்கத்தில் வந்து, “தல சுத்துதா?” என்று அம்மாவைக் கேட்டார்.

கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்ற பெரியம்மா அதைப் பார்த்தாள். “தம்பி, எனக்கும் ஒருக்கா பாருங்க. இன்னைக்கு நிச்சயமா ஏறியிருக்கும்.”

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “எனக்கு இன்னும் முடியலக்கா.”