டீலியாவின் ஒரே நிபந்தனை

எனக்கு சைக்கிளைக் கண்டாலே ஆகாது. நான் இந்தத் தீவில் வேன் ஓட்டுகிறவன். படகிலிருந்து இறங்குகிற கூட்டம் சைக்கிளில் ஏறிவிட்டால் என் வண்டி காலியாகத்தான் போகும். ஆகவே டீலியாவைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கசப்பு எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படகுத்துறையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவள் அவள்தான். என் பக்கத்து வீட்டுக்காரியும் அவள்தான்.

அவளுக்கும் சைக்கிள் பிடிக்காது என்பதுதான் வேடிக்கை. பாஸ்டனில் ஓட்டல் குளியலறைகளைக் கழுவிக் கழுவிச் சலித்துப்போய், இனி எவனுக்கும் கைகட்டி நிற்க மாட்டேன் என்று ஊர் திரும்பியவள். தகப்பன் விட்டுப்போன நிலமோ தெற்கே செங்குத்துப் பாறை ஓரத்தில், முக்கால்வாசி கல். வயிற்றுப்பாட்டுக்கு சைக்கிள் கடை போட்டாள். எதிர்காற்றில் மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு வந்து, "உங்க ஊர்ல காத்து ஜாஸ்திங்க" என்று குறை சொல்கிறவர்களிடமெல்லாம் இளித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"என் மாடு ஒண்ணு ரெண்டாகட்டும் ஃபெஸ்டி. அன்னிக்கே இந்த சைக்கிள் அத்தனையையும் கடல்ல தள்ளிடறேன்" என்பாள்.

"ரெண்டு மாட்டை வச்சு ராஜ்யம் ஆளப் போறியாக்கும்?"

"ஆரம்பம்டா. உன் ஓட்டை வேனை வச்சு நீ என்னத்தை ஆண்டே?"

அவளிடம் இருந்தது ஒரே ஒரு சிவப்பு மாடு. இரண்டு வருடம் சினை பிடிக்காமல் ஏமாற்றிவிட்டு, இந்த வசந்தத்தில்தான் நிறைவயிறாக நின்றது. இன்றோ நாளையோ என்று டீலியா வாசலுக்கும் வயலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

எங்கள் வயல்களுக்குக் கதவு கிடையாது. சுவரில் ஓரிடத்தில் மட்டும் கல்லைத் தளர்வாக அடுக்கியிருப்போம். மாட்டை விட வேண்டுமானால் அதைச் சரிப்போம், விட்டபின் திரும்ப அடுக்குவோம். டீலியா சைக்கிள் எடுக்க வருகிறவர்களுக்கு விதிக்கிற நிபந்தனையும் அது ஒன்றுதான். "எந்தக் கல்லைச் சரிச்சாலும் அடுக்கிட்டு வரணும்." பிரேக் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல மாட்டாள், இதைச் சொல்லாமல் அனுப்ப மாட்டாள்.

அன்று டப்ளினிலிருந்து ஓர் அலுவலகத்து ஆட்களின் கூட்டம் காலைப் படகில் வந்தது. எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. வடக்கேயிருந்து காற்று கதவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. "வேன்ல வாங்க, சொகுசா போகலாம்" என்றேன். ருவாரி என்று ஒருவன், அவர்களுக்குத் தலைவன் போல, "காத்துல மிதிக்கத்தானே வந்தோம்!" என்றான். டீலியா நிபந்தனையைச் சொன்னாள். அவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கி, "சத்தியமா அடுக்கிடுவோம்" என்றான்.

மத்தியானம் அவர்களில் ஒருத்திக்கு டயர் வெடித்தது. பழுதான வண்டியை எடுத்துவர டீலியா என் வேனில் ஏறினாள். வழியில் அவள் வயல். ரோட்டிலிருந்து எட்டிப் பார்த்தோம். பாறைப் பக்கச் சுவரில் கல் ஒழுங்காக அடுக்கியிருந்தது. மாடு தெரியவில்லை. வடக்குக் காற்றடித்தால் அது ரோட்டோரச் சுவரின் அடியில் ஒண்டிப் படுத்துவிடும், குனிந்தால்தான் தெரியும். நாங்கள் குனியவில்லை. கல் மூடியிருந்தால் மாடு உள்ளே. பிறந்ததிலிருந்து எங்களுக்கு அவ்வளவுதான் கணக்கு.

சாயங்காலப் படகுக்குக் கூட்டம் திரும்பியது. ருவாரி சைக்கிளை ஒப்படைத்துவிட்டு, கைபேசியை டீலியாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். பாறை விளிம்பில் சைக்கிளோடு நின்று படம் எடுப்பதற்காக ஒரு சுவரைத் திறந்தார்களாம்.

"பாருங்க, ஒரு கல் விடாம நானே அடுக்கினேன். உங்க மாடு எவ்வளவு சமத்து தெரியுமா? எங்களை வழியனுப்பக் கூடவே வந்து நின்னுது!"

படத்தில் அவன் சுவர் மேல் கையூன்றிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், சிவப்பு மாட்டின் முகம். அதற்குப் பின்னால் கடல்.

டீலியா கைபேசியைப் பிடுங்கி உற்றுப் பார்த்தாள். "இதை வயலுக்குள்ள நின்னுதானே எடுத்தே?"

"ஆமா."

"வண்டியை எடுடா ஃபெஸ்டி!"

ருவாரியும் ஏறிக்கொண்டான். படகு போய்விடும் என்று அவன் ஆட்கள் கத்தினார்கள். நான் இறங்கச் சொல்லவில்லை. வரட்டும், வந்து பார்க்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

மாடு விளிம்பில் நின்று, கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. பின்னால் நஞ்சுக்கொடி தொங்கியது. பாறையில் ஓரிடம் ஈரமாக, நக்கி வழவழப்பாகக் கிடந்தது. கன்று இல்லை. அந்தக் காற்றில் நானே நிமிர்ந்து நிற்க முடியவில்லை. முதல் முறையாக நாலு காலில் எழுந்திருக்கப் பார்த்த கன்று எப்படி நின்றிருக்கும்? டீலியா குப்புறப் படுத்து ஊர்ந்துபோய்க் கீழே பார்த்தாள். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே... நான் மூடினேனே..." என்றான் ருவாரி.

அவள் திரும்பிய வேகத்தில் அடித்தேவிடுவாள் என்று நினைத்தேன்.

"சொன்னேன்டா! நான்தான் சொன்னேன்! மூடுன்னு சொன்னேன், மாடு எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாத்துட்டு மூடுன்னு சொல்லலை. அதையும் சொல்லணுமாடா? மூஞ்சிக்கு நேரா நின்னுச்சே, அதோட பல்லைக் காட்டிப் படம் எடுத்தியே, அப்பவும் சொல்லணுமா?"

அவன் தான் அடுக்கிய கல்லைத் தானே சரித்தான். மாடு விளிம்பை விட்டு வரவே இல்லை. மூன்று பேரும் தள்ளித்தான் உள்ளே கொண்டுவந்தோம். அவன் மூடுவதற்குக் குனிந்தபோது டீலியா அவனை நெட்டித் தள்ளிவிட்டு, ஒவ்வொரு கல்லையும் மடார் மடார் என்று அவளே போட்டாள்.

படகைத் தவறவிட்ட ருவாரிக்கு என் வீட்டில்தான் படுக்கை. உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் வைத்தேன். எனக்கு அவன் மேல் இரக்கமே வரவில்லை, இன்றுவரை வரவில்லை. இரவெல்லாம் மாடு கத்தியது எங்கள் இருவருக்கும் கேட்டது.

மறுநாள் காலைப் படகில் வேறொரு கூட்டம் இறங்கியது. டீலியா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்து, சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, இருக்கை உயரம் சரிபார்த்தாள். படகில் ஏற நின்ற ருவாரி தலை குனிந்திருந்தான். வழக்கமாக நிபந்தனை சொல்லும் இடம் வந்ததும் அவள் வாய் திறந்தாள், மூடினாள். பிறகு கத்தினாள்:

"சுவத்துல எவனாவது கை வச்சீங்க, கையை ஒடிச்சிருவேன்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி கைபேசியைத் தூக்கிப் பிடித்து, "இன்னொரு தடவை சொல்லுங்களேன், சரியா பதிவாகல" என்றாள்.