எந்தச் சக்கரம் முதலில் பிடிக்கிறது

சவரிநாதன் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தேன். கை முழுக்கப் பிரேக் ஆயில். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தபோதுதான் எடுத்தேன். "தம்பி, அவரு போயிட்டாருடா" என்றாள் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நம்பியிருந்தோம். வெளியே வந்து கையைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மரக்காணத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தால் அவரை அறிவீர்கள். என் அக்காவின் கணவர், தொழிலில் கூட்டாளி. சத்தமாகப் பேசுவார். மாதா கோயிலில் சுருதி தப்பிப் பாடுவார். யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார். பல இடங்களில் அவரோடு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அப்படி ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

கூனிமேட்டு கரீம் பாயின் பழைய அம்பாசிடரில், உப்புக்காற்று பின் ஆக்சிலை அரித்துவிட்டது. அதே ஆக்சில் எங்கும் கிடைக்கவில்லை. ஒரு சரக்கு வேனின் ஆக்சில் அகலத்தில் ஒத்துவந்தது. அதை மாட்டி, ஹேண்ட்பிரேக் கேபிளை நீட்டி, பிரேக் பைப்பைப் புதிதாக வளைத்துப் போட்டோம். "நச்சுனு புடிக்குது மச்சான்" என்று நானே ஓட்டிப் பார்த்துச் சொன்னேன். காய்ந்த ரோட்டில்தான் ஓட்டினேன்.

முதல் மழையில், உப்பளத்தை ஒட்டிய வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பாய் பிரேக்கை மிதிக்க, பின் சக்கரங்கள் மட்டும் இறுகி வழுக்கின. கார் சுழன்று பாத்திக்குள் இறங்கியது. பாயின் மனைவி நூர் அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

ஊரே மழையைத் திட்டியது. பாயும்தான். காரை இழுத்துவந்து பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. வேன் பாரம் சுமப்பது. ஆக்சிலோடு வந்த அதன் வீல் சிலிண்டர், அதாவது சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் உருளை, பெரியது. பாரமில்லாத காரின் பின்பக்கத்தை அது முன் சக்கரங்களுக்கு முன்பே இறுக்கிவிட்டது.

"சத்தமில்லாம சின்ன சிலிண்டர் போட்டுக் குடுத்துடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். பள்ளிவாசல் எதிரே, எல்லோருக்கும் கேட்கும் அந்தக் குரலில், "பாய், மழை இல்ல. நாங்க…" என்று ஆரம்பித்துப் பக்கத்தில் திரும்பினார். நான் அங்கே இல்லை. டீக்கடை ஓரம் நின்று, வராத போனைக் காதில் வைத்திருந்தேன்.

"நான் செஞ்ச வேலை தப்பு பாய். அக்கா கை ஒடைஞ்சது என்னாலதான்."

ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். "உன்ன நம்பித்தானய்யா குடும்பத்த ஏத்துனாரு?" மச்சான் கையை உதறவில்லை. "ஆமாங்க" என்றார். பாய் வந்து விலக்கிவிட்டு நடந்துபோனார்.

"எதுக்கு மச்சான், எல்லார் எதிர்லயும்?" என்றேன் திரும்பும்போது.

"எல்லாரும் நம்மகிட்டதானடா வண்டி உடுறாங்க." நான் எங்கே போனேன் என்று அவர் கேட்கவில்லை.

சின்ன சிலிண்டர்களை மாட்டினோம். ரோட்டில் தண்ணீர் ஊற்றி ஊற்றி மிதித்துப் பார்த்தார். "புடிச்சா போதாதுடா. எந்த வீல் மொதல்ல புடிக்குதுன்னு பாக்கணும்." முன் சக்கரங்கள் முதலில் பிடிக்கும்வரை விடவில்லை.

காரைக் கொண்டுபோனபோது பாய் சாவியைத் தொடவில்லை. மாவுக்கட்டோடு வந்த நூர் அக்காதான் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். "தப்ப ஒத்துக்கிட்டவரு செஞ்ச வேலை. ஓட்டுங்கண்ணே" என்றார் மச்சானிடம். பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கி நீயும் கூட நின்னியாப்பா?" என்றார்.

நான் குனிந்து டயரைப் பார்த்தேன். "நின்னான்மா, எங்கூடத்தான்" என்றார் மச்சான், வண்டியைக் கிளப்பியபடி.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கரீம் பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் சேந்து வந்து சொன்னீங்களே, அந்த மனசு யாருக்குப்பா வரும்?" மச்சான் அன்று நூர் அக்காவிடம் சொன்னதை அவரும் நம்பியிருந்தார்.

"இல்ல பாய். அவரு மட்டுந்தான் சொன்னாரு. நான் ஒளிஞ்சிக்கிட்டேன்."

மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் குரல் பாயின் காதுவரைதான் போயிற்று. உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது இந்த வெட்கம். அது ஆறிப்போக நான் விடமாட்டேன்.