நர்சம்மாவின் சிவப்பு காரும் நான் மாட்டிய அலாரமும்

கார் எலக்ட்ரிக்கல் வேலை என்பது, ஒயர்களுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பட்டப்பகலில் பாதிக் கனவில் இருக்கிற வேலை.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஹெட்லைட், ஹாரன், பேட்டரி, செல்ஃப் மோட்டார், எது வந்தாலும் பார்ப்பேன். ஆனால் அலாரம் கோளாறு என்று யாராவது வந்து நின்றால் மட்டும் எனக்கு மனசு இளகிவிடும். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும். லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, ரிமோட்டை அமுக்கி அமுக்கி விரல் வலித்து, தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதைப் பார்த்துத் தலை குனிந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்திருக்கிறவர்கள்.

கயிற்றில் வந்த ஸ்போர்ட்ஸ் கார்

பால் வேனுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம் வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் குனிந்து உள்ளே பார்த்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காட்டன் புடவையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பள்ளத்திலிருந்து காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து எழுந்து நிற்க அவருக்கு நேரம் பிடித்தது. எழுந்ததும் முதல் வேலையாகக் காரின் கூரையைத் தடவிக் கொடுத்தார்.

சுகுணா என்று பெயர், ஊர் இண்டூர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் ஊருக்கே நர்சம்மா. பெங்களூரில் நர்ஸிங் படிக்கும்போது ஹாஸ்டல் எதிரில் இப்படி ஒரு கார் சாயங்காலமானால் வந்து நிற்குமாம். யாருடையது என்று கடைசிவரை தெரியாது. டூட்டிக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டே போவாராம். டூட்டி முடிந்து வந்து படுத்தால் கனவில் அதை இவரே ஓட்டுவாராம், எங்கே போகிறோம் என்று மட்டும் தெரியாதாம். ஓய்வு பெற்ற கையோடு தேடி அலைந்து அதே மாதிரி ஒன்றை வாங்கிவிட்டார். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"கார் வாங்கற வயசுல பையனப் பெத்து வளர்த்தேன். இப்ப அவனே கார் வாங்கிட்டான், அதனால நானும் வாங்கிட்டேன். இதுல என்னாங்க தப்பு, பாய்?"

ஆடு உரசியதும் அழுதது

கோளாறு இதுதான். அந்தக் காரில் யாரோ எப்போதோ வெளியில் வாங்கி மாட்டிய அலாரம் ஒன்று இருந்தது. அதோடு சேர்ந்தது இம்மொபிலைசர், அதாவது சரியான ஆள் இல்லை என்றால் எஞ்சினை ஓடவிடாமல் தடுக்கிற சின்னப் பெட்டி. வயதானதில் இரண்டுக்குமே புத்தி தடுமாறிவிட்டது. அலாரம் யாரும் தொடாமலே கத்தியது. இம்மொபிலைசர் சொந்தக்காரரையே திருடன் என்று நினைத்து, போகிற வண்டியை நடுரோட்டில் நிறுத்தியது. நர்சம்மா அதற்காக ஒருநாளும் எரிச்சல்பட்டதில்லை. சத்தம் கேட்டால் எழுந்துபோய், பக்கத்தில் நின்று, எங்கே வலிக்கிறது என்று கேட்பாராம். வார்டுப் பழக்கம் விடவில்லை. முதல் தடவை எப்படியோ ஓடவைத்து அனுப்பினேன்.

காரிமங்கலம் சந்தை நாளில் ஒருமுறை, காரை ஓரமாக விட்டுவிட்டுக் காய் வாங்கப் போயிருக்கிறார். வெள்ளாடு ஒன்று வந்து பம்பரில் முதுகைச் சொறிந்துகொண்டது. அவ்வளவுதான், கார் கத்த ஆரம்பித்துவிட்டது. கட்டியிருந்த ஆடுகள் மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு கொத்தமல்லிக் கட்டுகளுக்குள் புகுந்தன. வேறு வேலையாக அங்கே போயிருந்த நான் ஓடிப்போய் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். சைரனுக்கு உள்ளேயே தனியாக ஒரு பேட்டரி இருந்ததால் அது என்னைச் சட்டை செய்யவில்லை. தானாகக் களைத்துப்போய்த்தான் நின்றது. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டு வியாபாரி என்னிடம் சொன்னார்:

"எங்க ஆடுகூட கை மாறறப்பதாங்க கத்தும். இது சொந்தக்காரர்கிட்ட இருக்கறப்பவே கத்துதே."

மகன் சொன்ன நிபந்தனை

நர்சம்மாவின் ஒரே மகன் பிரபு. ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிறானால் இண்டூருக்கு வந்துவிடுவார். நல்ல பிள்ளை, ஆனால் பயந்த சுபாவம். பென்னாகரம் ரோட்டில் அம்மாவின் கார் திடீரென்று நின்றுபோய், பின்னால் வந்த லாரி மயிரிழையில் பிரேக் போட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. காரை விற்றே தீரவேண்டும் என்று ஓசூரில் ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டார்.

இருவரும் சேர்ந்தே என் கடைக்கு வந்தார்கள். பேச்சு இப்படி முடிந்தது. பழைய அலாரத்தையும் இம்மொபிலைசரையும் எடுத்துவிட்டு நான் புதிது மாட்ட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நர்சம்மா வத்தல்மலைக்குக் காரை ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும், பக்கத்து சீட்டில் பிரபு இருப்பார். வழியில் எங்காவது கார் மக்கர் செய்தால் அது ஓசூருக்குப் போய்விடும். செய்யாவிட்டால் விற்கிற பேச்சையே அவர் எடுக்கமாட்டார். நர்சம்மா உடனே சரி என்றார். பிரபு போன் பேச வெளியே போனதும் முந்தானையால் காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"பாய், நான் யாருகிட்டயும் எதையும் கேட்டு வாங்குனதில்லீங்க. இது ஒண்ணு மட்டும் என்கூட இருக்கட்டும்."

டேஷ்போர்டுக்கு அடியில்

ஸ்போர்ட்ஸ் காரில் வேலை செய்கிறவன் கால் இரண்டையும் சீட்டின் மேல் தூக்கிப் போட்டு, தலையைப் பெடல் பக்கம் தொங்கவிட்டு, மல்லாந்து படுக்க வேண்டும். அப்படிப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், அத்தனை ஒயரும் கறுப்பு. திருடன் வந்து எதை வெட்டுவது என்று தெரியாமல் திணறட்டும் என்பதற்காக அலாரம் மாட்டுகிறவர்கள் இப்படிச் செய்வதுண்டு. அந்தத் திருடன் வரவே இல்லை, அவனுக்காக வைத்த திணறலை நான் அனுபவித்தேன். ஒவ்வொரு ஒயராகப் பிடித்து, அது எங்கே போகிறது என்று பார்த்து, வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டே வந்தேன். சைரனைப் பிரித்தால் உள்ளிருந்த பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. இம்மொபிலைசர் பெட்டிக்குள் ஒயரை ஒட்டியிருந்த ஈயப்பற்றுகள் விரிசல் விட்டிருந்தன. குலுங்கினால் ஒட்டும், குலுங்கினால் விடும். பாவம், அதைக் குறை சொல்லி என்ன செய்வது.

உள்ளே பழைய தோல் சீட்டின் வாசனை, கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் நர்சம்மா தலையில் வைக்கிற கனகாம்பரத்தின் ஈரம். ஃபேன் காற்று பாதத்தில் பட்டது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுவது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. பொம்மிடி, பாப்பாரப்பட்டி, பாலக்கோடு என்று ஒவ்வொரு பெயருக்கும் கார் மெல்ல மெல்ல உருண்டு போனது. யாரும் ஓட்டவில்லை, சத்தம் இல்லை, நான் மட்டும் மல்லாந்தபடி மரக்கிளைகள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே இருந்திருந்தால் எனக்குச் சம்மதம்தான். என் காலை யாரோ தட்டினார்கள். காபி டம்ளரோடு நர்சம்மா நின்றிருந்தார்.

"ஆபரேஷன் டேபிள்ல பேஷன்ட்தாங்க தூங்கணும், பாய்."

அமைதி

புது இம்மொபிலைசரின் சூட்சுமம் சாவியில் இருக்கிறது. சாவியின் தலைக்குள் அரிசி மணி போல ஒரு சில்லு. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு கம்பிச் சுருள், காயில் என்போம். சாவி பக்கத்தில் வந்ததும் காயில் அந்தச் சில்லை அடையாளம் கண்டுகொள்ளும். கண்டுகொண்டால் எஞ்சின் ஓடும், இல்லாவிட்டால் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டும். நர்சம்மா அன்று சாயங்காலம் முழுக்க சாவியைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் ஆனது. பானெட்டைத் தட்டினேன், கதவைச் சாத்தினேன், பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தது. அலாரம் மூச்சுவிடவில்லை. எனக்குப் பெருமை. அவர் முகத்தில் மட்டும் கவலை.

"பொறந்த கொழந்த அழுவாம இருந்தாலும் எங்களுக்கு பயமாத்தாங்க இருக்கும்."

மலை மேல்

ஞாயிற்றுக்கிழமை காலை, கருவிப் பையை மொபெட்டில் மாட்டிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அழைத்தது பிரபுதான், அவருக்கு என்மேலும் நம்பிக்கை இல்லை, கார் மேலும் இல்லை. அடிவாரம் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் சிவப்பு கார் மறையும், பின்விளக்கு மட்டும் தெரியும், பிறகு அதுவும் கரையும். என் மொபெட் முக்கி முனகி ஏறுவதற்குள் மேலே எங்கிருந்தோ அந்த எஞ்சினின் சத்தம் சீராக இறங்கிவரும். நான் மாட்டிய பெட்டி அங்கே அமைதியாக இருக்கிறது என்று நினைத்தால் கண் கலங்கியது. சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

மேலே பனி விலகி வெயில் வந்திருந்தது. சாமை வயலுக்குப் பக்கத்தில் நர்சம்மா காரை நிறுத்திவிட்டு, கையைக் காலை நீட்டிக்கொண்டு நின்றார். பிரபுவின் முகத்தில்கூடச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. வயலில் இருந்த மலைக்காரர் ஒருவர் ஏறி வந்து, காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் திறந்து காட்டச் சொன்னார், திறந்து காட்டினோம்.

"இம்மாங்குள்ளமா கெடக்குதே, இதுல சாமை மூட்டய எங்கங்க ஏத்துவீங்க?"

சாமி முன்னால் வைத்த சாவி

இறங்குவதற்கு முன், சாவியைச் சாமி பாதத்தில் வைத்து எடுத்து வருகிறேன் என்று பிரபு அம்மாவிடம் வாங்கிக்கொண்டு பக்கத்துக் கோயிலுக்குப் போனார். நாங்கள் டீ குடித்தோம். நெற்றியில் திருநீறோடு வந்தவர் சாவியை நீட்டினார். அதன் தலையைச் சுற்றி, காப்புக்காகப் பிரபு தர்மபுரியிலேயே வாங்கி வைத்திருந்த செப்புத் தகட்டைப் பூசாரி இறுக்கமாகச் சுற்றி, மஞ்சள் நூலால் கட்டியிருந்தார். "எறக்கத்துல ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேம்மா" என்றார் பிரபு. நர்சம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டுத் திருப்பினார்.

ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. மறுபடி திருப்பினார், மறுபடி சிமிட்டியது. நான் மல்லாந்து படுத்து ஒயரை இழுத்துப் பார்த்தேன், ஃபியூஸைக் கழற்றி மாட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நர்சம்மா ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வுடுங்க பாய். பேச்சுன்னா பேச்சுதான். ஓசூர்க்காரருக்கு போன் பண்ணிடுப்பா" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது. பிரபு போனை எடுத்தார். நினைத்தது நடந்தவர் மாதிரி இல்லை அவர் முகம்.

செய்வதற்கு வேறு எதுவும் தோன்றாமல், புது செட்டோடு வந்த இரண்டாவது சாவியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது. மூவரும் இரண்டு சாவிகளையும் மாறி மாறிப் பார்த்தோம். ஒன்று வெறும் சாவி, இன்னொன்றின் தலைக்குச் செப்பு முக்காடு. உள்ளே இருக்கிற சில்லு எவ்வளவு கூப்பிட்டாலும், தகட்டைத் தாண்டி அந்தக் காயிலுக்குக் கேட்காது. விஷயத்தைச் சொன்னேன், ஆனால் சாமி முன்னால் கட்டியதை நான் அவிழ்ப்பது முறையில்லை என்று பூசாரியையே கூப்பிட்டு வந்தோம். அவர் நூலை அவிழ்த்து, தகட்டை எடுத்து, ஸ்டியரிங் தண்டில் கட்டிவிட்டு, சாமிக்கு இங்கிருந்தும் ரோடு தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் சாவியைப் போட்டோம். ஸ்டார்ட் ஆனது.

நர்சம்மா எஞ்சினை ஓடவிட்டபடி மகனைப் பார்த்தார். எதனால் நின்றாலும் நின்றது நின்றதுதானே, வாக்கு மாறக் கூடாது என்றார். பிரபு அந்தச் செப்புத் தகட்டைப் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"காரு நிக்கலம்மா. நான்தான் நிறுத்துனேன்."

திருடன் கையில் சிக்காமல் காரைக் காக்கிற பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கிறது, பயந்த பிள்ளையின் பாசத்திலிருந்து காரைக் காக்கிற பெட்டி மட்டும் இதுவரை என் கடைக்கு வந்து சேரவில்லை.