ராத்தாவின் கவி போன வழி

போன மாதம் கல்முனையில் ஒரு கடையில் கண்ணாடிப் பலகையொன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். கூடத் தந்த பேனையின் பிளாஸ்டிக் முனை கண்ணாடியில் கீச்சென்று இழுபட்டது. என் கை பாதிப் பெயரில் நின்றுவிட்டது.

அக்காவை நாங்கள் ராத்தா என்போம். தொண்ணூறுகளின் நடுவில் அவ மாப்பிள்ளை, என் மச்சான், டுபாயிலிருந்து கொண்டுவந்த கொம்பியூட்டர் இந்தச் சத்தம்தான் போடும். மடியில் வைக்கலாம், சூட்கேஸ் மாதிரித் திறக்கலாம். வேடிக்கை அதன் பேனையில். விளிம்பில் செருகியிருப்பதை எடுத்துத் திரையிலேயே எழுதலாம். எழுதியது நம் கையின் கோணலோடு அப்படியே உள்ளே போய் இருந்துகொள்ளும்.

"இதுக்கு இங்கிலீசு தெரியணுமா?" ராத்தா கேட்டா.

"எழுதத் தெரிஞ்சாக் காணும்."

"அப்ப உன்ட மச்சான விட எனக்குத்தான் இது ஒதவும்."

ராத்தா கவி கட்டுவா. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பழைய கலண்டர் தாள்களின் முதுகில் எழுதி, அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் ஒளித்திருந்தா. மச்சானோடு அவவும் டுபாய் போக விசா வந்துவிட்டது. மெஷின் என்னிடம் தங்கும் என்பதால், போகுமுன் எல்லாவற்றையும் திரையில் எழுதிவிடுவதென்று முடிவு. தினமும் பகல் லுஹர் தொழுதபின் ஒரு பக்கம் அவ எழுதுவா, நான் சேமிப்பேன். வீட்டில் இங்கிலீசு வாசிக்கிற ஆள் நான்! பிறந்த மூன்றாம் நாளே மௌத்தாகி மண்ணுக்குள் போன தன் பிள்ளைக்குக் கட்டியதை எழுதிய அன்று மட்டும், "நீ பாக்காம அமுக்குடா" என்றா. பார்க்காமல் அமுக்கினேன்.

எங்கள் பக்கத்தில் எதை எழுதினாலும் தாளின் தலையில் 786 போடுவோம், பிஸ்மில்லாஹ்வுக்கு ஈடாக. ராத்தா ஒவ்வொரு பக்கத்திலும் போட்டா. அந்த மெஷினோ முதல் வரியையே பக்கத்துக்குப் பெயராக எடுத்துக்கொள்ளும். இந்தப் பெயரில் முன்னமே ஒன்று உண்டு, அதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று இரண்டாம் நாளிலிருந்து தினமும் இங்கிலீசில் கேட்டது. நான் வாசிக்கவேயில்லை. கேள்வி வந்தால் 'யெஸ்' அமுக்குவது. அதுதான் எனக்குத் தெரிந்த கொம்பியூட்டர்.

இருபது நாள், இப்படியே.

"எல்லாம் உள்ளுக்குப் போயிட்டா?" கடைசி நாள் ராத்தா கேட்டா.

"போயிட்டு ராத்தா. இனி அந்தத் தாளெல்லாம் என்னத்துக்கு?"

சொன்னவன் நானேதான். 786 எழுதிய தாள் காலில் மிதிபடக்கூடாதென்று அவ அவற்றை அடுப்பில் வைத்து எரித்தா.

பயணத்தன்று காலை மெஷினைத் திறந்தேன். ஒரே ஒரு பக்கம். மச்சானின் குறட்டையைப் பற்றிக் கடைசி நாள் எழுதிய பகடிக் கவி. மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். அதே குறட்டை.

அப்போதே சொல்லியிருந்தால் பாதியாவது அவ நெஞ்சில் இருந்திருக்கும். கொழும்புவரை பஸ்ஸில் முணுமுணுத்து முணுமுணுத்தே மீட்டிருப்பா. எனக்கோ கவி போனதைவிட என் இங்கிலீசின் மானம் போனது பெரிதாய்த் தெரிந்த வயது.

மச்சான் மெஷினை என்னிடமே விட்டிருந்தார். பஸ் உறுமத் தொடங்கியதும் ராத்தா ஜன்னலால் குனிந்து, அவருக்குக் கேட்காதபடி கேட்டா:

"எல்லாம் பத்திரமா இரிக்காடா?"

"ஓம் ராத்தா. எல்லாம் இரிக்கி."