விளைபொருளை எழுதுக

இண்டர்மீடியட் இரண்டாம் வருஷத்தில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். இடது பக்கம் இரண்டு பொருள்களைக் கொடுத்து, நடுவில் ஓர் அம்புக்குறி போட்டு, வலது பக்கத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். என்ன உண்டாகும் என்று நாம் எழுத வேண்டும். மற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அது வராது. யோசித்துக் கண்டுபிடித்தால்தான் திருப்தி.

அக்காவுக்கும் அந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. அவள் எட்டாவதோடு நின்றவள். கறம்பக்குடியில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்காகத் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் கெமிஸ்ட்ரி புத்தகத்தை விரித்தால் போதும், வயிற்றைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். எத்திலீனில் இரண்டு கார்பனும் ஒன்றையொன்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன, புரோமின் வந்தால் ஆளுக்கொரு கையை விட்டு வருகிறவர்களைப் பிடித்துக்கொள்ளும், யாரும் வெளியேற வேண்டியதில்லை, இது அடிஷன் என்று சொல்லிக்கொடுத்தேன். மீத்தேனில் அப்படிக் கை காலியாக இல்லை. குளோரின் உள்ளே வர வேண்டுமானால் ஒரு ஹைட்ரஜன் தன் இடத்தை விட்டுப் போக வேண்டும். இது சப்ஸ்டிட்யூஷன்.

"போனது என்னடி ஆவும்?" என்று கேட்டாள்.

"இன்னொரு குளோரினோட சேந்து அமிலமாப் போயிரும்."

"பாவம்டி" என்றாள். அவளுக்கு எல்லாமே பாவம்தான்.

புரோப்பிலீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் ஹைட்ரஜன் எந்தக் கார்பனுக்குப் போகும் என்று ஒரு விதி உண்டு. ஏற்கனவே ஹைட்ரஜன் அதிகம் வைத்திருக்கும் கார்பனுக்குத்தான் போகும். அதைக் கேட்டு அவள் மூச்சு முட்டச் சிரித்தாள். "இருக்குறவங்களுக்கே மேல மேலயா? ஒன் கெமிஸ்ட்ரியும் எங்க மாமியா வீட்டுப் பந்தி மாதிரித்தான் இருக்கு" என்றாள். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்திருந்தால் எனக்கு முழு மார்க் கிடைத்திருக்கும்.

எங்கள் கல்லூரியின் லேபரேட்டரி இருட்டு. ஜன்னல்கள் உயரத்தில் சின்னதாக இருக்கும். நிறம் பார்க்க வேண்டுமானால் டெஸ்ட் டியூபைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு ஓடுவோம். புதுக்கோட்டை வெயிலுக்கு என்ன குறைச்சல்? ஒரு நாள் பெயர் தெரியாத திரவம் ஒன்றைக் கொடுத்து, அதில் இரட்டைப் பிணைப்பு உண்டா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். புரோமின் கரைசலை விட்டேன்; இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதன் நிறம் போய்விடும். செம்பழுப்பு நிறம் அப்படியே நின்றது. சரியாகப் பார்க்கலாம் என்று வாசலில் வெயிலில் நீட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் நிறம் போய்விட்டது. 'உண்டு, அடிஷன்' என்று பெருமையாக எழுதினேன்.

லெக்சரர் அதைக் குறுக்கே அடித்தார். மறுபடி செய்துகாட்டச் சொல்லி, நிறம் போனதும் ஒரு கண்ணாடிக் குச்சியை அம்மோனியாவில் தோய்த்து டியூபின் வாயருகே பிடித்தார். வெள்ளைப் புகை கிளம்பியது.

"நெறம் போனதப் பாத்தீங்க. வெளிய எது வந்துச்சுன்னு பாக்கலையேம்மா" என்றார். வெயில் பட்டதில் சப்ஸ்டிட்யூஷன் நடந்து அமில வாயு வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது. வகுப்பில் நானும் இன்னொருத்தியும்தான் பெண்கள். பின்னால் பையன்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவிடம் கொட்டித் தீர்த்தால்தான் ஆறும் என்று வேகவேகமாக வீட்டுக்கு நடந்தேன். தெருமுனையிலேயே பெண்கள் கூட்டமாக நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் கல்லூரிக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே அக்காவுக்கு வலி எடுத்திருக்கிறது. பெண் குழந்தை பிறந்து, பிறகு ரத்தம் நிற்காமல் அவள் போய்விட்டாள். எனக்கு ஆள் அனுப்பக் கிளம்பியபோது அவள்தான் தடுத்தாளாம். "அவளுக்கு இன்னைக்கு லேபு. சாயங்காலம் வந்து பாத்துக்கிரட்டும்" என்றாளாம். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை என்னால் முழுதாகச் சொல்ல முடியாது.

காரியம் முடிந்த கையோடு பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பேசியது அத்தானைப் பற்றி. முடிவு செய்தது என்னைப் பற்றி.

"வேற ஒருத்தி வந்து புள்ளயக் கொடும பண்றதுக்கா? நீ போனா ஒங்கக்கா இருந்த மாதிரியே இருக்கும்" என்றார் அம்மா.

"எப்படிம்மா இருக்கும்? மீத்தேன்ல ஹைட்ரஜன் போயி குளோரின் வந்தா அதுக்குப் பேரு மீத்தேன் இல்ல. மூணு வந்தா ஆளையே மயக்கிப் போடுற குளோரோபாரம். அக்கா எடத்துல என்னைய வச்சா அது அக்கா வீடா இருக்குமா?" என்று கத்தினேன்.

"புஸ்தகம் பேசுது" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போனார். அம்மா வாதாடவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தி, கையில் பால் சங்கைக் கொடுத்தார். அது நன்றாகக் குடித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அங்கேயே நான் தோற்றுவிட்டேன். பரீட்சைக்கு நான் போகவில்லை.

சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுச் சேலை வைத்துப் படைத்து, அந்தச் சேலையைத்தான் மறுதாரமாக வருகிறவள் கட்டிக்கொண்டு மணையில் உட்கார வேண்டும். இது எங்கள் பக்கத்து வழக்கம். மாம்பழ நிறத்தில் ஒரு சேலையை வைத்து, விளக்கேற்றி, அக்காவிடம் உத்தரவு கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நான் உத்தரவு கேட்கவில்லை. திரும்பி வந்துவிடு என்று கேட்டேன். பிறகு எழுந்து சேலையைக் கட்டிக்கொண்டேன்.

யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸில், மடியில் குழந்தையோடு கறம்பக்குடிக்குப் போனேன். அத்தான் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குழந்தைதான் பேச்சு. அது பால் குடித்ததா, தூங்கியதா, பல் முளைத்ததா. குழந்தை என்னை முதன்முதலாக "ஆத்தா" என்று கூப்பிட்டபோது கொல்லைப்புறம் போய் நின்று அழுதேன். அக்காவுக்குச் சேர வேண்டிய சொல் அது. ஆனாலும் மறுபடி எப்போது கூப்பிடுவாள் என்று காத்துக்கிடந்தேன்.

இரண்டு வயது நிறைவதற்குள் அவளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வருவதற்குள் அவளும் போய்விட்டாள். எனக்கு அழக்கூட வரவில்லை. அக்காவுக்கு நான் என்ன சொல்வது என்பதே நினைப்பாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் அத்தான் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் புள்ளைக்காகத்தான் நீ வந்த. நானும் அதுக்காகத்தான் கட்டுனேன். இப்ப அது இல்லேன்னு ஆயிருச்சு" என்றார். குரல் உடைந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்குப் படிக்கணும்னா போயிப் படி. நானே கூட வந்து சேத்து விடுறேன். ஊரு பேசுனா நான் பாத்துக்கிருவேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. அன்றைக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டேன். எனக்கு அப்போது மூன்று மாதம். அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.